கரி தின்ற கட்டடத்தில் கம்ப்யூட்டர்!

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு பிரம்மாண்டமான செங்கல் கட்டடம் நிற்கிறது. மேஜையின் நான்கு கால்கள்தான் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள். ஒவ்வொன்றின் நுனியும் தரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்!

பெயர், பேட்டர்ஸி பவர் ஸ்டேஷன். ஒரு காலத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரியை விழுங்கிவிட்டு, லண்டன் மாநகரின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கக்கிய பகாசுரன். இன்று அதே வயிற்றுக்குள் ஆப்பிள் கம்பெனிக்காரர்கள் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, காபி கப்பும் கையுமாக ஈ-மெயில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"பழைய கட்டடத்துக்கு வெள்ளையடிச்சு நாலு மேஜை நாற்காலி போட்டுட்டாங்க... இதுல என்ன ஸார் அதிசயம்?" என்று நீங்கள் கொட்டாவி விடலாம்.

விடாதீர்கள். அந்த நாலு மேஜையைப் போட 39 வருஷம் ஆயிற்று! நடுவில் நான்கு முறை கை மாறியது. ஒரு முதலாளி கூரையையே கழற்றிவிட்டுக் காணாமல் போனார். இன்னொருவர் கடனில் மூழ்கினார். கடைசியில் அதைக் கரையேற்றிய காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? மலேசியாவில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் பி.எஃப். பணமும் அதில் சேர்த்தி. அந்தச் சம்பளக்காரர்களில் ஏகப்பட்ட தமிழர்களும் உண்டு.

இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்களே! வாருங்கள், கதைக்குள் போவோம்.

சர்ச் கட்டியவர் கட்டிய பவர் ஹவுஸ்

1920-களின் கடைசி. லண்டன் பவர் கம்பெனி, நகரத்தின் நட்டநடுவில் பெரிய அனல் மின் நிலையம் கட்டப்போகிறது என்று செய்தி வந்ததுமே ஊரில் ஒரே களேபரம். 'புகை நம் மூக்கில் ஏறும், பார்லிமென்ட் பக்கம் போகும், மியூசியத்தில் இருக்கிற ஓவியங்கள் எல்லாம் பாழாகும்' என்று பெரிய மனிதர்கள் குதித்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, புகையைத் தண்ணீரில் குளிப்பாட்டி கந்தகத்தைக் கழுவிவிட்டு வெளியே அனுப்ப ஏற்பாடு. (கழுவின தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்காதீர்கள். பாவம் தேம்ஸ்!) இரண்டாவது, கட்டடத்துக்கு அழகான முகம் கொடுக்க சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டார்கள். லிவர்பூல் கதீட்ரலைக் கட்டியவர். லண்டன் தெருக்களில் நிற்குமே சிவப்பு டெலிபோன் பூத், அதுவும் இவர் கைவண்ணம்தான்.

மனுஷர் பவர் ஹவுஸையும் கோயில் மாதிரியே வடிவமைத்துக் கொடுத்துவிட்டார். உள்ளே இரும்புத் தூண்கள்தான் பாரம் தாங்குகின்றன. செங்கல் அதற்குப் போர்த்திய சால்வை. கன்ட்ரோல் ரூமுக்கு இத்தாலி மார்பிள்! ஸ்விட்ச் போடுகிற இடத்துக்கு அரண்மனை தர்பார் அந்தஸ்து.

1929-ல் ஆரம்பித்து 1935-ல் 'ஏ' ஸ்டேஷன் முடிந்தது. அப்போது இரண்டே புகைபோக்கிதான். உலகப் போர் முடிந்த பிறகு அதே அச்சில் 'பி' ஸ்டேஷன் என்று இன்னொன்றை ஒட்டிக் கட்டினார்கள். 1955-ல் நான்காவது புகைபோக்கியும் எழும்ப, மேஜைக்கு நாலு காலும் வந்து சேர்ந்தது.

நிலக்கரி, கப்பலில் தேம்ஸ் வழியாகவே வந்து இறங்கும். வழியில் தாழ்வான பாலங்கள் இருக்கின்றனவே? அதற்காகவே பாய்மரத்தையும் புகைக்குழாயையும் மடக்கிக்கொள்கிற மாதிரி தட்டையான கப்பல்கள் கட்டினார்கள். பாலம் வந்தால் தலை குனிந்து, பாலம் தாண்டியதும் நிமிர்ந்து... நம்மில் சிலர் மேனேஜர் ரூமைத் தாண்டுகிற அதே டெக்னிக்!

டி.வி. நின்றது... பன்றி பறந்தது

இந்தக் கட்டடத்துக்கு லண்டன் வாழ்க்கையில் எவ்வளவு செல்வாக்கு என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

1964 ஏப்ரல் 20. பி.பி.சி-யின் இரண்டாவது சானல் அன்று இரவு கோலாகலமாக ஆரம்பமாக வேண்டும். சொல்லி வைத்தாற்போல் பேட்டர்ஸியில் தீ! மேற்கு லண்டனில் கரன்ட் கட். பி.பி.சி. நிலையமும் இருட்டு. சானல் மறுநாள்தான் தொடங்கியது. முதல் நாளே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' போட்ட சானல் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது 1976 டிசம்பர். பிங்க் ஃப்ளாய்ட் என்கிற ராக் இசைக் குழு, தங்கள் 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் அட்டைப்படத்துக்காக ஒரு ராட்சசப் பன்றி பலூனைப் புகைபோக்கிகளுக்கு நடுவில் பறக்கவிட்டது. பலூன் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது! ஹீத்ரோ விமான நிலையப் பக்கம் போய் விமானங்களைத் திண்டாடவிட்டு, கடைசியில் கென்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. 1977 ஜனவரியில் ஆல்பம் வெளியானபோது, பேட்டர்ஸியின் நான்கு புகைபோக்கிகளும் உலகம் பூராவும் இளைஞர்களின் அறைச் சுவர்களில் ஏறிவிட்டன.

ஆனால், புகழ் இருந்து என்ன? வயசாகிவிட்டதே! 1975-ல் 'ஏ' ஸ்டேஷன் மூச்சை நிறுத்தியது. 1983 அக்டோபரில் 'பி'-யும் அணைந்தது.

கூரை போனது... விலை ஏறியது!

மின்வாரியத்துக்கு ஆசை என்னவோ, இடித்துத் தள்ளிவிட்டு நிலத்தை வீடு கட்ட விற்கலாம் என்பதுதான். ஆனால், 1980-லேயே அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இடிக்க முடியாது. சும்மா வைத்திருக்கவும் கட்டுப்படியாகாது. 'யாராவது நல்ல யோசனை சொல்லுங்களேன்' என்று போட்டி வைத்தார்கள்.

ஜெயித்த யோசனை, தீம் பார்க்! 1987-ல் ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவை நடத்திய ஜான் புரூம் 15 லட்சம் பவுண்டுக்குக் கட்டடத்தை வாங்கினார். 1988-ல் பிரதமர் மார்கரெட் தாட்சரே வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். உள்ளே இருக்கிற ராட்சச இயந்திரங்களை வெளியே எடுக்க வேண்டுமே? கூரையைக் கழற்று! ஒரு பக்கச் சுவரையும் இடி!

கழற்றினார்கள். இடித்தார்கள். அதற்குள் மூன்றரைக் கோடி பவுண்டு என்று போட்ட பட்ஜெட் ஏழு கோடிக்கு எகிறிவிட்டது. 1989 மார்ச்சில் வேலை நின்றது. பகாசுரனுக்குத் தலையில் குடை இல்லை. லண்டன் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்... உள்ளே இருந்த இரும்புச் சட்டங்கள் வருஷக்கணக்கில் நனைந்து துருவேற ஆரம்பித்தன.

அப்புறம் வந்ததெல்லாம் ஜாதகம் வாங்கிப் போய்த் திருப்பித் தராத வரன்கள்தான். 1993-ல் ஹாங்காங்கின் பார்க்வியூ நிறுவனம் ஒரு கோடி பவுண்டு கொடுத்து, கடன் பாக்கியோடு சேர்த்து இதை எடுத்துக்கொண்டது. ஓட்டல், சினிமா தியேட்டர், கடைகள் என்று பிளான் மேல் பிளான். 13 வருஷம் ஓடியது. 2006-ல் ஓர் அயர்லாந்து நிறுவனத்துக்குக் கை மாறியபோது விலை என்ன தெரியுமா? சுமார் 40 கோடி பவுண்டு! கூரையோடு இருந்தபோது 15 லட்சம், கூரை போன பிறகு 40 கோடி. ரியல் எஸ்டேட் கணக்கு என்றைக்கு நமக்குப் புரிந்திருக்கிறது?

அயர்லாந்துக்காரர்கள் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கோபுரம் எழுப்புவதாகப் படம் காட்டினார்கள். படம் பிரமாதமாக இருந்தது. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2011 கடைசியில் நிறுவனம் கடன்காரர்கள் கையில்! 2012-ல் செல்ஸீ ஃபுட்பால் கிளப் வந்து, '60,000 பேர் உட்காருகிற ஸ்டேடியம் ஆக்குகிறோம்' என்று கேட்டுப் பார்த்தது. அதுவும் கூடிவரவில்லை.

கவனித்தீர்களா? வந்த யோசனையெல்லாம் குடை ராட்டினம், சினிமா, கோபுரம், ஃபுட்பால்... ஜிகினா சமாச்சாரங்கள். அத்தனையும் பணால்!

பால்மரத்துக் காசு

2012-ல் மலேசியாவிலிருந்து மூன்று பேர் கூட்டாக வந்தார்கள். எஸ்.பி. செத்தியா, சைம் டார்பி, ஊழியர் சேமநிதி வாரியம். விலை 40 கோடி பவுண்டு. இதில் சேமநிதி வாரியத்தின் பங்கு 20 சதவிகிதம்.

சேமநிதி வாரியம் என்பது வேறொன்றுமில்லை. நம் சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்று ஒரு வரி வயிற்றெரிச்சலைக் கிளப்புமே, அதன் மலேசியப் பதிப்பு. 1951-ல் ஆரம்பித்தது. கோலாலம்பூர் கிளார்க்கும், பினாங்கு டெக்னீஷியனும், கிள்ளான் லாரி டிரைவரும் மாதாமாதம் போடுகிற காசு. முனியாண்டியின் பணமும் மூசாவின் பணமும் ஆ சோங்கின் பணமும் ஒன்றாகச் சேர்ந்து தேம்ஸ் நதிக்கரையில் போய் இறங்கிவிட்டது!

சைம் டார்பியின் பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யம். 1910-ல் மலாக்காவில் ரப்பர் தோட்டக் கம்பெனியாகப் பிறந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் யார்? தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அந்தக் காலத்தில் பல தோட்டங்களுக்கு முதலாளி லண்டனில் உட்கார்ந்திருப்பார். வேர்வை அங்கே, லாபம் இங்கே!

1981 செப்டம்பரில் ஒருநாள் காலை, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. சத்தம் போடாமல் லண்டன் பங்குச் சந்தையில் புகுந்து, கத்ரி என்கிற பெரிய தோட்டக் கம்பெனியின் பங்குகளைச் சில மணி நேரத்துக்குள் வளைத்துப்போட்டுத் தோட்டங்களைத் தன் நாட்டுக்கு மீட்டது. லண்டன்காரர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது! அதே பி.என்.பி-யும் சேமநிதி வாரியமும் சேர்ந்துதான் 2019-ல் பேட்டர்ஸியின் பிரதானக் கட்டடத்தைச் சுமார் 160 கோடி பவுண்டுக்குத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டன. லண்டன்காரர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேரனுக்கு, அவன் போடும் பி.எஃப். வழியாக லண்டனின் பவர் ஹவுஸில் ஒரு துளிப் பங்கு. சக்கரம் சுற்றும் என்பார்களே, சுற்றிவிட்டது!

ஆனால், பி.எஃப். பணம் என்றால் சும்மாவா? ரிட்டயராகும்போது எண்ணிக் கையில் கொடுக்க வேண்டிய காசு. ராட்டினம் சுற்றினால் போதாது. மாதம் பிறந்தால் வாடகை வரவேண்டும். வாடகை தவறாமல் கொடுப்பவர்கள் யார்? ஆபீஸ்காரர்கள்!

2016-ல் ஆப்பிள் நிறுவனம், 'ஐந்து லட்சம் சதுர அடி எங்களுக்கு வேண்டும். லண்டனில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிற எங்கள் ஊழியர்கள் 1,400 பேரை அங்கே கொண்டுவரப் போகிறோம்' என்று அறிவித்தது. 33 வருஷமாக அம்போவென்று கிடந்த கட்டடத்துக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது என்று சொல்லலாம்.

உள்ளே மாடியே கிடையாது!

இனிமேல்தான் நிஜமான தலைவலி. நூற்பாலை, கிடங்கு போன்ற பழைய கட்டடங்களில் ஏற்கெனவே மாடிகள் இருக்கும். மேஜையைக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். பவர் ஹவுஸ் அப்படியில்லை. அது மெஷினுக்குத் தைத்த சட்டை! இரண்டு பக்கமும் டர்பைன் ஹால்கள், நடுவில் பாய்லர் ஹவுஸ். செயின்ட் பால் கதீட்ரலையே உள்ளே தூக்கி வைத்துவிடலாம் என்று லண்டன்காரர்கள் பெருமையடிக்கிற அளவுக்குப் பெரிய வெற்றிடம். மாடியும் கிடையாது, போதுமான ஜன்னலும் கிடையாது.

வில்கின்ஸன் அயர் என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனம், பாய்லர் ஹவுஸுக்குள் புதிய இரும்புச் சட்டத்தை நிறுத்தி, ஆறு தளங்களை ஆபீஸாக்கியது. சட்டைக்குள் புது உடம்பு! நடுவில் மேலிருந்து கீழ்வரை பெரிய முற்றம் விட்டு, வெளிச்சத்தை அடி வரை இறக்கினார்கள். நம் பழைய வீடுகளில் முற்றம் வைத்துக் கட்டினார்களே, அதே சூத்திரம்தான். ஓரமாக உட்காருகிறவருக்கு ஜன்னல், நடுவில் உட்காருகிறவருக்கு டியூப் லைட் என்கிற ஆபீஸ் ஜாதிப் பிரிவினை கொஞ்சமாவது குறையுமல்லவா!

இரண்டு டர்பைன் ஹால்களும் கடைத்தெருக்களாகிவிட்டன. 'பி' ஸ்டேஷன் கன்ட்ரோல் ரூமில் பழைய டயல்கள், ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பார் நடக்கிறது. முன்பு ஊருக்கே கரன்ட் ஏற்றிய இடத்தில் இப்போது... சரி, வேண்டாம்!

சுவர்களைச் சரிசெய்யச் சுமார் 17.5 லட்சம் செங்கற்கள் தேவைப்பட்டன. கடைக்குப் போய் கிடைத்ததை வாங்கவில்லை. 1930-களில் செங்கல் சப்ளை செய்த அதே சூளைகளைத் தேடிப்பிடித்து, அதே பதத்தில், கையால் அறுத்து வாங்கினார்கள்.

புகைபோக்கி விஷயத்தில் பெரிய சண்டை. கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. துரு ஏறினால் கம்பி வீங்கும். வீங்கினால் கான்கிரீட் வெடிக்கும். (உங்கள் வீட்டு பால்கனியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) 'நாலையும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறோம்' என்றார்கள் முதலாளிகள். 'இடிப்பீர்கள், தெரியும். கட்டுவீர்கள் என்பதற்கு என்ன காரன்டி?' என்றார்கள் ஊர்க்காரர்கள். கூரையைப் பறிகொடுத்தவர்கள் ஆயிற்றே, சூடுபட்ட பூனை! ஆகவே, 'முதலில் ஒன்றை மட்டும் இடி. அது பாதியாவது எழும்பட்டும். அப்புறம் மற்ற மூன்றைத் தொடு' என்று நிபந்தனை வைத்தார்கள். 2014-ல் தொடங்கி 2017-ல் நான்கும் எழுந்து நின்றன. கான்கிரீட்டை மெஷின் வைத்து ஒரே மூச்சில் கொட்டவில்லை. தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கையால் கொட்டினார்கள். சுமார் 25,000 தள்ளுவண்டி நடை!

பச்சை பெயின்ட் அடித்தால் பசுமையா?

இந்தக் காலத்தில் எந்தக் கட்டடத்தைத் திறந்தாலும் 'பசுமைக் கட்டடம்' என்று ஒரு போர்டு. வாசலில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி. பேட்டர்ஸி எந்த அளவுக்குப் பசுமை?

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடம் இயங்கும்போது விளக்குக்கும் ஏ.ஸி-க்கும் செலவாகிற மின்சாரம் ஒரு பக்கம். கட்டும்போதே செலவாகிவிட்டது இன்னொரு பக்கம். செங்கல்லைச் சூளையில் வேக வைக்க எரித்தது, இரும்பை உருக்கியது, சிமென்ட் தயாரித்தது... உலகம் வெளியே விடுகிற கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவிகிதம் சிமென்ட் தொழிலிலிருந்து மட்டும் வருகிறது. நின்றுகொண்டிருக்கிற கட்டடத்தை இடித்தால் அந்தச் செலவெல்லாம் கோவிந்தா! புதிதாகக் கட்டினால் மறுபடியும் முதலிலிருந்து செலவு. ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடம்தான் இருப்பதிலேயே பசுமையானது என்று அமெரிக்க ஆர்க்கிடெக்ட் கார்ல் எலிஃபான்டே சொன்னது இதனால்தான். நம் பாட்டிகளுக்குப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. பழைய பட்டுப்புடவையைப் பாவாடையாக்கியவர்கள் அவர்கள்!

இதில் பேட்டர்ஸிக்குப் பழைய பெருமை ஒன்றும் உண்டு. பவர் ஹவுஸில் மிச்சமாகிற வெந்நீரை ஆற்றில் கொட்டி வீணாக்காமல், தேம்ஸுக்கு அடியில் குழாய் போட்டு, எதிர்க்கரையில் பிம்லிகோ பகுதிக் குடியிருப்புகளுக்குக் கொடுத்தார்கள். குளிருக்கு வீடு சூடாக, குளிக்க வெந்நீர். 1950-லேயே! 'பசுமை' என்ற வார்த்தை ஃபேஷனாவதற்கு முன்னாலேயே செய்துவிட்ட காரியம் அது.

இப்போதும் அந்த யோசனையின் வாரிசு இருக்கிறது. பூமிக்கடியில் ஓர் எரிசக்தி மையம் அமைத்து, மொத்த வளாகத்துக்கும் அங்கிருந்தே வெப்பமும் குளிர்ச்சியும் போகின்றன. தனித்தனியாக ஆளுக்கொரு பாய்லர் வேண்டாம். அதன் ஆவியை வெளியேற்ற நான்கில் இரண்டு புகைபோக்கிகளுக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. இன்னொன்றில் கண்ணாடி லிஃப்ட் வைத்து 109 மீட்டர் உயரம்வரை ஏற்றி ஊரைக் காட்டுகிறார்கள். ரிட்டயரானவரை மறுபடியும் கூப்பிட்டு வேலை கொடுத்த மாதிரி!

ஆனாலும் நூற்றுக்கு நூறு மார்க் போட முடியாது. புகைபோக்கிகளை இடித்துப் புதிய கான்கிரீட் கொட்டினார்களே, அது இந்தக் கணக்கில் நஷ்டம்தான். செலவைச் சமாளிக்கச் சுற்றிலும் புதுசு புதுசாகக் கண்ணாடி அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. அவையும் கணக்கில் சேரும். சுவர் மிஞ்சியது, இரும்புச் சட்டத்தில் முடிந்தது மிஞ்சியது. அந்த அளவுக்கு லாபம்.

படி ஏற முடியாதவருக்கும் வாசல்

அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளைக் கட்டியவர்கள் திடகாத்திரமான ஆம்பிளைகளை மட்டுமே மனதில் வைத்துக் கட்டினார்கள். செங்குத்தான இரும்பு ஏணி, உயரமான வாசற்படி, குறுகலான நடை. சக்கர நாற்காலிக்காரரோ, கைக்குழந்தையோடு வருகிற அம்மாவோ, முழங்கால் வலிக்காரரோ அங்கே வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

பிரிட்டனில் 1995-ல் மாற்றுத் திறனாளிகளுக்கான பாகுபாட்டுத் தடைச் சட்டமும், 2010-ல் சமத்துவச் சட்டமும் வந்தன. 'ஊனம் ஆளிடம் இல்லை, உன் கட்டடத்தில் இருக்கிறது. அதைச் சரி செய்' என்பதுதான் சட்டத்தின் சாரம். பழைய கட்டடமாக இருந்தாலும் நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்தாக வேண்டும்.

இந்த விஷயத்தில் பேட்டர்ஸிக்குக் கிடைத்த பெரிய வரப்பிரசாதம் வாசலுக்கு வெளியே இருக்கிறது. பாதாள ரயிலின் நார்தர்ன் லைனைச் சுமார் 110 கோடி பவுண்டு செலவில் நீட்டி, 2021 செப்டம்பர் 20-ம் தேதி இங்கேயே ஒரு ஸ்டேஷன் திறந்தார்கள். தெருவிலிருந்து ரயில் பெட்டி வரைக்கும் ஒரு படிகூட இல்லை! லண்டனின் 272 பாதாள ரயில் நிலையங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் போக முடியும் என்று சொன்னால், இதன் அருமை புரியும். ஆபீஸுக்குள் எத்தனை சாய்வுதளம் போட்டு என்ன பிரயோஜனம்? ஆபீஸுக்கு வந்து சேர வேண்டுமே!

2022 அக்டோபர் 14-ம் தேதி கட்டடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கரன்ட் எடுத்த காலத்தில் 'அந்நியர் உள்ளே வரக்கூடாது'. பாழாய்க் கிடந்த காலத்தில் முள்வேலி. கட்டி முடித்து 67 வருஷம் கழித்து, முதல் முறையாக யார் வேண்டுமானாலும் டர்பைன் ஹாலுக்குள் நடந்து போய் அண்ணாந்து பார்க்கலாம். பார்க்கக் காசில்லை. வாங்கினால்தான் காசு! ஆப்பிள்காரர்கள் 2023-ல் குடிவந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு 'ஆபீஸே எதற்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே' என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பிடிவாதமாக ஓர் ஆபீஸ் திறந்தது.

கணக்கில் ஓர் உதை

எல்லாம் ஜோர்தானா? ஒரு விஷயம் உதைக்கிறது.

வளாகம் முழுவதற்கும் சுமார் 900 கோடி பவுண்டு திட்டம். 4,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அனுமதி வாங்கும்போது நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் 636 வீடுகள் தருவதாக ஒப்பந்தம். 2017-ல், 'செலவு எகிறிவிட்டது, கட்டுப்படியாகாது' என்று கணக்குக் காட்டினார்கள். வாண்ட்ஸ்வொர்த் கவுன்சில் சம்மதித்தது. 636 என்பது 386 ஆயிற்று. 250 குடும்பங்களின் சாவி ஒரே கையெழுத்தில் காணோம்!

பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கிற செலவு யாரோ ஒருவர் தலையில் விழுந்தே தீரும். இங்கே அது, கூட்டத்தில் சத்தம் போட முடியாதவர்கள் தலையில் விழுந்தது. படி ஏற முடியாதவருக்கு லிஃப்ட் வைத்தார்கள். சம்பளம் ஏறாதவருக்கு லிஃப்ட் வைக்கவில்லை.

உங்களுக்கு ஒரு பவர் ஹவுஸ் கிடைத்தால்...

நாளைக்கே உங்கள் கம்பெனி எம்.டி. உங்களைக் கூப்பிட்டு, "ஒரு பழைய ஃபேக்டரி வாங்கியிருக்கேன். ஆபீஸா மாத்துய்யா" என்று சொன்னால் கைவசம் இருக்கட்டும் என்று ஐந்து யோசனைகள்:

1. கையில் முழுப் பணம் வருகிறவரை கூரையில் கை வைக்காதீர்கள்.

2. 'எவ்வளவு அழகாக்கலாம்' என்று யோசிப்பதற்கு முன்னால், 'தினமும் யார் வருவார்கள்' என்று யோசியுங்கள்.

3. சாய்வுதளம் போட்டால் ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் அது சறுக்குமரம்.

4. முன்வாசல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சக்கர நாற்காலிக்காரரைப் பின்பக்கம் குப்பைத் தொட்டி வழியாக வரச்சொல்வது வசதி அல்ல, அவமானம்.

5. இடிப்பதற்கு முன் எதையெல்லாம் மிச்சம் பிடிக்கலாம் என்று பட்டியல் போடுங்கள். இடித்த பிறகு போடுகிற பட்டியலுக்குப் பெயர் பில்!

ஓவியர்களும், பாட்டுக்காரர்களும், சினிமாக்காரர்களும் பேட்டர்ஸியை வருஷக்கணக்கில் காதலித்தார்கள். காதலால் அதன் மேல் ஒரு ஓடுகூடப் போட முடியவில்லை. காலையில் வந்து கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, சாயங்காலம் ரயிலைப் பிடிக்கிற சாதாரண ஆபீஸ்காரர்கள் வருவார்கள் என்று உறுதியான பிறகுதான் கூரையே வந்தது.

ஆகவே, 'தினமும் ஆபீஸ் போய் வருவதைத் தவிர உருப்படியாக என்ன சாதித்தாய்?' என்று வீட்டில் யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள். உங்கள் இனத்தார் லண்டனில் ஒரு பவர் ஹவுஸையே காப்பாற்றியிருக்கிறார்கள்!